உயிர்வேதியியல் படிக்க வருகிறவர்களுக்கு: மதுரையிலிருந்து ஒரு வழிகாட்டி

ஜூன் மாதம் பிறந்துவிட்டால் எங்கள் துறை வாசலில் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். உசிலம்பட்டியிலிருந்தோ மேலூரிலிருந்தோ பஸ் ஏறி வந்த அப்பா, கையில் சான்றிதழ்கள் வைத்த பை, பக்கத்தில் பேசாமல் நிற்கும் மகள். "சார், இதப் படிச்சா ஆஸ்பத்திரி லேபுல வேலைக்குச் சேந்துரலாம்ல?" என்று கேட்பார். நான் அவருக்குச் சொல்லும் பதிலையே முதலில் எழுதுகிறேன். அது தெரியாமல் சேர்ந்துவிட்டு இரண்டாம் ஆண்டில் மனம் வெறுத்துப்போன பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

மருத்துவமனை ஆய்வகத்தில் ரத்தம் எடுத்து, சர்க்கரையும் கொழுப்பும் பார்த்துச் சொல்பவர்கள் பெரும்பாலும் மெடிக்கல் லேப் டெக்னாலஜி படித்தவர்கள். அதற்கு டிப்ளமோ, பட்டம் எல்லாம் தனியே இருக்கின்றன. உயிர்வேதியியல் பட்டத்திலும் கிளினிக்கல் பயோகெமிஸ்ட்ரி என்று ஒரு தாள் வரும், ரத்தத்தில் யூரியா எவ்வளவு, கிரியேட்டினின் எவ்வளவு என்று பார்க்கக் கற்றுக்கொள்வீர்கள். ஆனால் நோயாளியைக் கையாளும் பயிற்சி இதில் கிடையாது. பட்டம் முடித்த கையோடு வேலைக்குப் போயே ஆகவேண்டிய வீட்டுச் சூழல் என்றால் அந்தப் படிப்பிலேயே சேருங்கள், நல்ல படிப்பு அது. உடம்புக்குள் என்ன நடக்கிறது, ஏன் அப்படி நடக்கிறது என்று கேட்டுக்கொண்டே இருக்கிற பிள்ளை என்றால் இங்கே வாருங்கள். மூன்று வருடத்தோடு நிற்கிற படிப்பு இல்லை இது. முதுகலையும் சேர்த்து ஐந்து வருடம் என்று வீட்டில் இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பேரில் 'உயிர்' முன்னால் நின்றாலும் படிப்பில் வேதியியல்தான் முன்னால் நிற்கும். பிளஸ் டூவில் கெமிஸ்ட்ரியைக் கண்டாலே ஓடியவர்கள் நன்றாக யோசித்துக்கொள்ளுங்கள். சுமாராக வந்தாலும் பிடித்துப்போன பாடம் என்றால் தைரியமாக வரலாம்.

கல்லூரியைத் தேர்ந்தெடுப்பது

பிளஸ் டூவில் வேதியியலும் உயிரியலும் (அல்லது தாவரவியல், விலங்கியல்) படித்திருக்க வேண்டும் என்பது பொதுவான தகுதி. அரசுக் கல்லூரிகளுக்கு டிஎன்காசா இணையதளம் வழியாக ஒரே விண்ணப்பம். உதவி பெறும் கல்லூரிகளுக்கும் சுயநிதிக் கல்லூரிகளுக்கும் அந்தந்தக் கல்லூரியில் தனித்தனியே விண்ணப்பிக்க வேண்டும். பிளஸ் டூ முடிவு வந்த வாரத்திலேயே போட்டுவிடுங்கள். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு ஆகிய மூன்றும் கையில் இல்லாமல் கடைசி நாளில் இ-சேவை மையத்தில் நிற்கிறவர்களை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன்.

மதுரையில் பெயர் பெற்ற கலை அறிவியல் கல்லூரிகள் நிறைய. அமெரிக்கன் கல்லூரி 1881-இல் தொடங்கியது, லேடி டோக் 1948-இல், தியாகராசர் கல்லூரி 1949-இல். எந்தக் கல்லூரியில் இந்த வருடம் உயிர்வேதியியல் பிரிவு நடக்கிறது, அது உதவி பெறும் பிரிவா சுயநிதிப் பிரிவா என்பதை அந்த ஆண்டின் கையேட்டைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். ஒரே வளாகத்துக்குள்ளேயே இந்த இரண்டு பிரிவுக்கும் கட்டணத்தில் பெரிய வித்தியாசம் இருக்கும். தன்னாட்சிக் கல்லூரி என்றால் பாடத்திட்டமும் தேர்வும் கல்லூரியுடையவை. மற்றக் கல்லூரிகளில் மதுரை காமராசர் பல்கலைக்கழகம் தேர்வு நடத்தும். எதில் படித்தாலும் பட்டம் பல்கலைக்கழகத்தின் பெயரில்தான் வரும்.

பேரை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். விண்ணப்பம் வாங்கப் போகும்போதே "லேபைக் கொஞ்சம் பார்க்கலாமா சார்?" என்று கேளுங்கள். கலரிமீட்டர் (கரைசலின் நிற அடர்த்தியை அளக்கும் கருவி) எத்தனை இருக்கிறது, எத்தனை பிள்ளைகளுக்கு ஒன்று என்று பாருங்கள். சென்ட்ரிஃபியூஜ், எலக்ட்ரோபோரசிஸ் கருவி எல்லாம் மேசைமேல் இருக்கின்றனவா, உறை போட்டு மூடிக் கிடக்கின்றனவா என்பதையும் கவனியுங்கள். முதுகலையும் நடக்கிற துறை என்றால் கருவிகளும் அனுபவமுள்ள ஆசிரியர்களும் இருக்க வாய்ப்பு அதிகம். இரண்டாம் ஆண்டு மாணவி ஒருவரைப் பிடித்து, "ப்ராக்டிக்கல்ல எல்லாரும் தனித்தனியா செய்வீங்களாக்கா, இல்ல ஒரு ஆள் செய்ய மத்தவங்க பாப்பீங்களா?" என்று கேட்டுவிடுங்கள். எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல சோதனை இல்லை.

பணம் பற்றி ஒரு வரி. ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் வருகிறது. பெண்களுக்குப் புதுமைப்பெண் திட்டம், ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டம். அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. கல்லூரி அலுவலகத்தில் கேட்டுப் பதிந்துகொள்ளுங்கள், யாராவது வந்து சொல்வார்கள் என்று காத்திருக்க வேண்டாம்.

சேர்ந்ததற்கும் வகுப்பு தொடங்குவதற்கும் நடுவில்

நான் செக்கானூரணிப் பக்கத்தில் தமிழ்வழியில் படித்துவிட்டு வந்தவன். முதல் வாரம் முழுக்க வகுப்பில் ஒரு வாக்கியம்கூடப் புரியவில்லை. புரியாதது பாடமா, இங்கிலீஷா என்று பிரித்துப் பார்க்கவும் அப்போது தெரியவில்லை. நீங்கள் இதைத் தவிர்க்க ஒரு வழி இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல் இரண்டாம் தொகுதியில் 'உயிரியல் மூலக்கூறுகள்' என்று ஒரு பாடம் உண்டு. தமிழ்ப் புத்தகத்தையும் இங்கிலீஷ் புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்து, பத்தி பத்தியாகப் படியுங்கள். தமிழில் ஒரு முறை, உடனே அதே பத்தியை இங்கிலீஷில் ஒரு முறை. பாடநூல் கழகத்தின் தளத்தில் இரண்டுமே இலவசமாகக் கிடைக்கும். 'நொதி' என்பதும் 'என்சைம்' என்பதும், 'ஒடுக்கும் சர்க்கரை' என்பதும் 'ரெட்யூசிங் சுகர்' என்பதும் ஒன்றுதான் என்று அங்கேயே பிடிபட்டுவிடும். தினம் இரண்டு பக்கம் போதும்.

அப்புறம், கரைசல் கணக்கு. இது வராமல் இந்தப் படிப்பில் ஒரு நாளும் ஓடாது. 250 மில்லி 0.1 மோலார் உப்புக் கரைசல் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். சோடியம் குளோரைடின் மூலக்கூறு எடை 58.5. ஒரு லிட்டர் ஒரு மோலாருக்கு 58.5 கிராம், ஒரு லிட்டர் 0.1 மோலாருக்கு 5.85 கிராம், கால் லிட்டருக்கு அதில் கால் பங்கு, 1.46 கிராம். இதை 250 மில்லி தண்ணீரில் போடக் கூடாது. கொஞ்சம் தண்ணீரில் கரைத்து, ஸ்டாண்டர்டு ஃபிளாஸ்கில் ஊற்றி, அப்புறம் கோடு வரை நிரப்ப வேண்டும். இந்த மாதிரி இருபது கணக்கு வீட்டிலேயே போட்டுவிட்டு வாருங்கள்.

முதல் ஆண்டு

பகுதி ஒன்று தமிழ், பகுதி இரண்டு ஆங்கிலம், பகுதி மூன்றில் முதன்மைப் பாடமும் அலைடு என்கிற துணைப் பாடமும். முதல் ஆண்டு அலைடு பெரும்பாலும் வேதியியலாக இருக்கும். "அலைடுதானே" என்று விட்டுவிடாதீர்கள். நான் பார்த்தவரை பிள்ளைகள் அரியர் வைப்பது முதன்மைப் பாடத்தைவிட அங்கேதான் அதிகம். தமிழையும் ஆங்கிலத்தையும் அலட்சியம் செய்ய வேண்டாம். வருகை 75 சதவீதத்துக்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், திருவிழாக் காலத்தில் ஊருக்குப் போகிறவர்கள் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

முதன்மைப் பாடத்தில் கார்போஹைட்ரேட், அமினோ அமிலம், புரதம், கொழுப்பு, நியூக்ளிக் அமிலம் எல்லாவற்றுக்கும் அமைப்பு வாய்பாடு உண்டு. கண்ணால் பார்த்துப் படித்தால் நிற்காது, கையால் வரைய வேண்டும். புரதத்தில் வரும் 20 அமினோ அமிலங்களையும் ஒரே நாளில் மனப்பாடம் செய்யப் பார்க்காதீர்கள். புரோலினைத் தவிர எல்லாவற்றுக்கும் முதுகெலும்பு ஒன்றேதான், பக்கச் சங்கிலிதான் மாறும். கிளைசினுக்கு வெறும் ஹைட்ரஜன், அலனினுக்கு மீத்தைல், அந்த மீத்தைலில் ஒரு ஹைட்ராக்சில் சேர்ந்தால் செரின், அந்த ஹைட்ராக்சிலின் ஆக்சிஜனுக்குப் பதில் கந்தகம் வந்தால் சிஸ்டீன். இப்படி ஒன்றிலிருந்து ஒன்றைக் கட்டிக்கொண்டு போனால் ஒரு வாரத்தில் இருபதும் கைக்குள் வந்துவிடும்.

பஃபர் (பிஹெச் அதிகம் மாறாமல் தாங்கும் கரைசல்) கணக்கில் நிறையப் பேர் பயப்படுவார்கள். ரத்தத்தை வைத்தே புரிந்துகொள்ளுங்கள். பைகார்பனேட்டுக்கும் கார்பானிக் அமிலத்துக்கும் உள்ள விகிதம் 20-க்கு 1. இருபதின் மடக்கை 1.3. அமிலத்தின் வலிமையைச் சொல்லும் பிகேஏ என்ற எண் 6.1. கூட்டினால் 7.4, அதுதான் நம் ரத்தத்தின் பிஹெச். இதை முதல் முறை போட்டுப் பார்த்த அன்றைக்குத்தான் இந்தப் படிப்பின் மேல் எனக்கு ஒரு பிடிப்பே வந்தது.

புத்தகம் பற்றிக் கேட்பீர்கள். முதல் வருடம் சத்யநாராயணாவின் புத்தகம் போதும், எளிய இங்கிலீஷ். இரண்டாம் வருடத்திலிருந்து லெனிஞ்சரின் பெரிய பாடநூலைத் திறக்கப் பழகுங்கள். விலை அதிகம், வாங்க வேண்டாம், நூலகத்தில் உட்கார்ந்து படியுங்கள். நத்தம் சாலையில் 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் உட்கார்ந்து படிப்பதற்கு அருமையான இடம். நகரப் பேருந்தில் போய் வரலாம், சாதாரணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை.

ஆய்வகம்

இந்தப் படிப்பின் உயிர் இங்கேதான் இருக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதல் செமஸ்டரில் சர்க்கரைகளைக் கண்டுபிடிக்கும் சோதனைகள் வரும். மோலிஷ் சோதனையில் ஊதா வளையம், பெனிடிக்ட் சோதனையில் செங்கல் சிவப்பு, ஃபிரக்டோசுக்கு செலிவனாஃப் சோதனையில் செர்ரிப் பழச் சிவப்பு. இதெல்லாம் ஒரே நாளில் பழகிவிடும். பொறுமை கேட்பது ஓசசோன் சோதனை. சர்க்கரைக் கரைசலோடு ஃபீனைல்ஹைட்ரசீனும் சோடியம் அசிட்டேட்டும் சேர்த்து, கொதிக்கும் தண்ணீருக்குள் டெஸ்ட் டியூபை நிறுத்த வேண்டும். கொஞ்ச நேரத்தில் மஞ்சளாக இறங்கத் தொடங்கும். அவசரப்பட்டுக் குழாயடியில் காட்டிக் குளிரவைக்காதீர்கள், தானாக ஆறட்டும். ஒரு சொட்டைக் கண்ணாடித் தகட்டில் வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், குளுக்கோஸ் ஊசி ஊசியாக, விளக்குமாற்றுக் கட்டை விரித்து வைத்த மாதிரி கிடக்கும். மால்டோஸ் சூரியகாந்திப் பூ மாதிரி. சுக்ரோசில் ஒன்றும் வராது. குளுக்கோசும் ஃபிரக்டோசும் ஒரே மாதிரி படிகம் கொடுக்கும். அது ஏன் என்று வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) கட்டாயம் கேட்பார்கள். இரண்டுக்கும் முதல் இரண்டு கார்பனில்தான் வித்தியாசம். ஓசசோன் உண்டாவதும் அந்த இரண்டு கார்பனில்தான், அதனால் வித்தியாசம் அழிந்துபோகிறது. ஃபீனைல்ஹைட்ரசீன் நச்சுப் பொருள், கையுறை இல்லாமல் தொடாதீர்கள்.

நொதி என்றால் என்ன என்பதற்கு நான் முதலாமாண்டுப் பிள்ளைகளுக்குக் காட்டுவது நம் வீட்டுக் கொள்ளு. கொள்ளு மாவைப் பஃபரில் கலக்கி வடிகட்டினால் அதில் யூரியேஸ் நொதி இருக்கும். யூரியாக் கரைசலில் ஃபீனால் ரெட் (அமிலமா காரமா என்று நிறத்தால் காட்டும் பொருள்) சேர்த்தால் மஞ்சளாக இருக்கும். கொள்ளுச் சாற்றை விட்டதும், யூரியா உடைந்து அமோனியா வர வர, மஞ்சள் மாறி இளஞ்சிவப்பு ஏறும். அதே சாற்றைக் கொதிக்கவைத்து விட்டால் நிறம் மாறாது, நொதி செத்துவிட்டது. இதே யூரியேசைத்தான் 1926-இல் ஜேம்ஸ் சம்னர் ஜாக் பீன் விதையிலிருந்து படிகமாகப் பிரித்து, நொதி என்பது புரதம் என்று காட்டினார். 1946-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அடுத்து, அளவு காணும் சோதனைகள். கலரிமீட்டரில் வைத்து ஸ்டாண்டர்டு கிராஃப் போட வேண்டும். என் முதலாமாண்டில் பையூரெட் முறையில் புரதம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்து புள்ளியில் நான்கு நேர்கோட்டில் வந்துவிட்டது, மூன்றாவது மட்டும் கீழே தொங்கியது. அந்த எண்ணை ரப்பரால் அழித்து, கோட்டில் உட்காரும் மாதிரி வேறு எண் எழுதினேன். எங்கள் மேடம் பார்த்துவிட்டார். திட்டவில்லை. "அந்த டியூப எடுத்துட்டு வா" என்றார். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால், டியூபின் மேல்சுவரில் ஒரு சொட்டு ஒட்டிக்கொண்டிருந்தது. பைப்பெட்டிலிருந்து விட்ட புரதக் கரைசலில் ஒரு பகுதி கீழே இறங்கவே இல்லை. "இதத்தான்ப்பா நீ அழிச்சிட்ட" என்றார். அன்றிலிருந்து பைப்பெட் முனையை அடிப்பக்கம் வரை கொண்டுபோய் விடுவதும், ஒவ்வொரு டியூபையும் நன்றாகக் கலக்குவதும் எனக்குப் பழக்கமாகிவிட்டது. வந்த அளவை வந்தபடியே அப்சர்வேஷன் நோட்டில் பேனாவால் எழுதுங்கள். தப்பு வந்தால் ஒரே கோடாக அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுதுங்கள். ரெக்கார்டை அன்றன்றே முடித்துவிடுங்கள், செமஸ்டர் கடைசியில் இரவு கண் விழித்து எழுதுவதில் ஒரு பயனும் இல்லை. பைப்பெட்டை வாயால் உறிஞ்ச யாராவது சொல்லிக்கொடுத்தால் செய்யாதீர்கள், ரப்பர் பல்ப் கேட்டு வாங்குங்கள்.

பாஸ்பரஸ் அளவு காணும்போது நீலம் வரும். அந்தச் சோதனைக்குப் பெயர் ஃபிஸ்க்–சுப்பாராவ் முறை. எல்லப்பிரகட சுப்பாராவ் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டு ஹார்வர்டு போனவர், 1925-இல் ஃபிஸ்கோடு சேர்ந்து இந்த முறையை வெளியிட்டார். நூறு வருடம் கழித்தும் நம் லேபில் அவர் முறையைத்தான் செய்கிறோம்.

இரண்டாம் ஆண்டு: வளர்சிதை மாற்றம்

கிளைகாலிசிஸ், கிரெப்ஸ் சுழற்சி என்று அம்புக்குறியாக வரும். மனப்பாடம் செய்து தேர்வு எழுதிவிடலாம், ஆனால் அடுத்த செமஸ்டரில் ஒன்றும் மிஞ்சாது. குளுக்கோசை உடைக்கும் பாதையான கிளைகாலிசிசை மட்டும் ஒழுங்காகப் பிடித்தால் மற்றவை தானாக வரும். பத்துப் படி. ஆறு கார்பன் உள்ள குளுக்கோஸ் ஒன்று உள்ளே போகிறது, மூன்று கார்பன் உள்ள பைருவேட் இரண்டு வெளியே வருகிறது. செல்லுக்குக் காசு மாதிரி ஆற்றலைத் தருவது ஏடிபி. செலவு இரண்டு ஏடிபி, வரவு நான்கு, கையில் நிற்பது இரண்டு. கூடவே இரண்டு என்ஏடிஹெச். முதல் ஐந்து படி செலவு, அடுத்த ஐந்து படி வரவு. ஒரு பெரிய தாளில் ஒவ்வொரு படியிலும் கார்பனை எண்ணிக்கொண்டே வரையுங்கள்.

நொதியின் பெயரே வேலையைச் சொல்லிவிடும். கைனேஸ் என்றால் பாஸ்பேட்டை ஏடிபியிலிருந்து எடுத்து ஒட்டுவது. டிஹைட்ரஜனேஸ் ஹைட்ரஜனைப் பிடுங்குவது. ஐசோமரேஸ் உருவை மாற்றுவது. பாஸ்போகிளிசரேட் கைனேசும் பைருவேட் கைனேசும் இந்தப் பாதையில் ஏடிபியை உண்டாக்குகின்றனவே, பிறகு ஏன் அந்தப் பெயர் என்று கேட்டால், எதிர்த்திசை வினையை வைத்துப் பெயர் சூட்டிவிட்டார்கள். மூன்றாம் படியில் இருக்கும் பாஸ்போஃபிரக்டோகைனேஸ்தான் மதகு. ஏடிபி தாராளமாக இருந்தால் மதகு இறங்கும், ஏடிபி செலவாகி ஏஎம்பி கூடினால் ஏறும்.

அந்த அப்பா கேட்ட லேபுக்கு இங்கே ஒரு முறை திரும்பிப் போகலாம். ரத்தச் சர்க்கரை பார்க்க எடுக்கும் ரத்தத்தைச் சாம்பல் நிற மூடி போட்ட குழாயில் விடுவதைப் பார்த்திருப்பீர்கள். அதற்குள் சோடியம் ஃபுளூரைடு இருக்கிறது. சிவப்பணுவில் மைட்டோகாண்டிரியா கிடையாது, அது பிழைப்பதே கிளைகாலிசிசை நம்பித்தான். குழாய்க்குள் வந்த பிறகும் குளுக்கோசைத் தின்றுகொண்டே இருக்கும், சர்க்கரை குறைவாகக் காட்டிவிடும். ஃபுளூரைடு ஒன்பதாம் படியில் இருக்கும் ஈனோலேசை நிறுத்துகிறது. தாளில் வரைந்த ஒன்பதாவது அம்புக்குறி அந்தக் குழாய்க்குள் இருப்பதைக் கண்டுகொண்ட பிள்ளைக்கு அதற்கப்புறம் மனப்பாடம் தேவைப்படாது.

மூன்றாம் ஆண்டும் அதற்கு முந்தைய திட்டமும்

நான்காம் செமஸ்டர் முடிந்த கோடை விடுமுறையை ஊரிலேயே கழித்துவிடாதீர்கள். பெங்களூரில் இருக்கும் இந்திய அறிவியல் அகாடமி மற்ற அகாடமிகளோடு சேர்ந்து கோடைக்கால ஆராய்ச்சி உதவித்தொகை தருகிறது. அதற்கு முந்தைய ஆண்டின் கடைசி மாதங்களிலேயே விண்ணப்பிக்க வேண்டும், ஏன் இந்த ஆராய்ச்சி செய்ய ஆசை என்று சிறு கட்டுரையும் ஆசிரியர் கடிதமும் கேட்பார்கள். கிடைக்கவில்லை என்றால் தேனி சாலையில் பல்கலை நகருக்கு ஒரு நாள் போங்கள். காமராசர் பல்கலைக்கழகத்தின் உயிரியல் புலத்தில் இருக்கும் பேராசிரியர்களுக்கு முன்கூட்டியே மின்னஞ்சல் அனுப்பிவிட்டு, ஒரு மாதம் லேபில் இருக்கலாமா என்று நேரில் கேளுங்கள். பத்துப் பேரில் ஒருவர் சரி என்றாலே போதும்.

முதுகலைக்கு ஐஐடிகளில் சேர ஜாம் என்ற நுழைவுத் தேர்வு. பயோடெக்னாலஜி தாளில் உயிரியலோடு வேதியியல், இயற்பியல், கணிதக் கேள்விகளும் வரும், அதனால் பிளஸ் டூ புத்தகங்களைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் (ஐஐஎஸ்சி) ஒருங்கிணைந்த ஆராய்ச்சிப் படிப்புக்கும் இந்த மதிப்பெண் உதவும். ஹைதராபாத், புதுச்சேரி போன்ற மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு க்யூட் முதுகலை நுழைவுத் தேர்வு. பள்ளி ஆசிரியர் ஆகலாம் என்று நினைப்பவர்கள், பி.எட். சேரும் முன்பே உயிர்வேதியியல் பட்டம் அந்தப் பணிக்குத் தகுதியா என்று விசாரித்துவிடுங்கள். பணியிடங்கள் மிகக் குறைவு.

ஜாம், க்யூட் இரண்டுக்கும் பிற்படுத்தப்பட்ட வகுப்புப் பிள்ளைகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நம் தாலுகா அலுவலகம் கொடுத்த சாதிச் சான்றிதழ் அங்கே செல்லாது. மத்திய அரசுப் படிவத்தில் ஓபிசி சான்றிதழ் தனியாக வாங்க வேண்டும், அதுவும் அந்த ஆண்டுக்கு உரியதாக இருக்க வேண்டும். ஐந்தாம் செமஸ்டர் தொடங்கிய முதல் வாரத்திலேயே இ-சேவை மையத்தில் அதற்கு விண்ணப்பித்துவிடுங்கள்.